ஆம்பிளை ஏறாத கட்டில்

“…புள்ளத்தாச்சிகள் ஏறிப் படுக்கிற கட்டில்ல என்னையும் படுக்கச் சொல்றியா மச்சி? நாளைக்கி வட்டைக்குப் போனா ‘விதானையாருக்கு எத்தினாம் மாசம்’ எண்டு கேட்டுச் சிரிப்பானுகள். ஏலா.”

இப்படிச் சொன்னவர் என் ராத்தாவின், மூத்த சகோதரியின், மாப்பிள்ளை, உதுமாலெவ்வை மச்சான்; பொஞ்சாதியின் தங்கச்சியான நான் அவருக்கு மச்சி. சொன்ன இடம், நான் பத்தொன்பது வருடம் நின்ற ஸ்கேன் அறையின் வாசல். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கையில் கதவுத் திரைச்சேலை. ஆள் லேசுப்பட்டவர் அல்ல. வட்டைவிதானை. வட்டை என்கிற எங்கள் பக்கத்து வயல்வெளிக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கு பிரித்து விடுகிற தலைவர். அவர் சொன்னால் மடை திறக்கும், அவர் சொன்னால் மடை மூடும். யானை நிற்கிற வட்டைக்குள் பந்தம் பிடித்துக்கொண்டு தனியே போய் வந்தவர். அந்த மனிதருக்கு ரெக்சின் போட்ட ஒரு கட்டிலைக் கண்டு பயம்.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

என் இடத்தில் இப்போது நிற்கிற பிள்ளை போன மாதம் போன் எடுத்தாள். புது மிசின் வந்திருக்கிறதாம். ரிப்பன் வெட்டினார்களாம். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பெனர், “ஆண்களுக்கான இலவச வயிற்றுப் பரிசோதனை” என்று. ரிப்பன் வெட்ட வந்த மூன்று பெரிய மனிதர்களுக்கும் வயது அறுபத்தைந்துக்கு மேல், மூவருக்கும் வயிறு முன்னால் வர ஆள் பின்னால் வருகிற தோற்றம். மிசினுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள், கேக் தின்றார்கள், போனார்கள். அந்தக் கட்டிலில் ஒருவராவது ஏறிப் படுத்தாரா என்று கேட்டேன். பிள்ளை சிரித்தாள்.

“ராத்தா, ரெண்டு கிழமையா பெனர் காத்துல அடிச்சிக்கிட்டுக் கெடக்கு. ஒரு ஆம்பிளையும் வாறல்ல. நீங்க எப்பிடிப் படுக்க வெச்சீங்க?”

“பெனரால ஆம்பிளை படுப்பானா புள்ள? பெனர்ல அவன்ட படம் இருந்தா வருவான்.”

அன்றைக்கு அப்படிச் சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை. ஊழியர் நலன்புரிச் சங்க மலருக்கு இதை எழுதித் தாருங்கள் என்று ஒரே நச்சரிப்பு. ஆகவே எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் எழுத மாட்டேன். நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் பஸ் ஏறினால் வழியில் எத்தனையோ ஆஸ்பத்திரிப் பலகை தெரியும். அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனது கூட்டித் துடைக்கிற வேலைக்கு. சுனாமியில் கடல் வந்து போன பிறகு யாரோ புண்ணியவான்கள் ஒரு ஸ்கேன் மிசின் அனுப்பினார்கள். அந்த அறையில் நிற்க ஆள் வேண்டும் என்றபோது மற்றவர்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள், மிசினிலிருந்து கதிர் வரும், கர்ப்பப்பை சுருங்கும் என்று யாரோ கட்டிய கதையால். எனக்கு அப்போது மூன்று பிள்ளை. சுருங்குவதென்றால் சுருங்கட்டும் என்று போனேன். அது கதிர் அல்ல, வௌவால் போடுகிற சத்தம் போல ஒரு சத்தம், நம் காதுக்குக் கேளாது, உள்ளே போய் முட்டித் திரும்பி வருவதை மிசின் படமாக்குகிறது என்று எனக்குத் தெரிய வர இரண்டு வருடம் எடுத்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஸ்கேனுக்குத் துண்டுச் சீட்டு எழுதி அனுப்புகிற டொக்டர்மாரின் கோழிக்கீறல் எழுத்திலிருந்து இங்கிலீசு எழுத்துப் பழகினேன். திரையைப் பார்த்துப் பார்த்து ஈரல் எது, பித்தப்பை எது என்று பழகினேன்.

என் வேலை என்ன? பேர் கூப்பிடுவது. கட்டிலில் படுக்க வைப்பது. சேலையையும் சாரத்தையும் எவ்வளவு இறக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் இறக்கி, மற்றதைத் துணியால் மூடுவது. வயிற்றில் பசை ஊற்றுவது. முடிந்ததும் துடைக்கக் கடதாசி கொடுப்பது. அவ்வளவுதான். ஆனால் கட்டிலின் தலைமாட்டில் நிற்கிறவளுக்கும் திரை தெரியும். அதை மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

முதலில் இருந்த ஸ்கேன் டொக்டர் நல்லவர், கெட்டிக்காரர், கோபக்காரர் அல்ல. அவருக்கு இருந்த ஒரே வியாதி துண்டு. துண்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் பார்ப்பார். பித்தப்பை என்று எழுதியிருந்தால் பித்தப்பை. வலது கிட்னி என்றிருந்தால் வலது கிட்னி. இடது கிட்னி அந்த ஆளுக்கு இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார். எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள், மாட்டைத் தேடிப் போனவன் வழியில் கிடந்த மகனைத் தாண்டிப் போனானாம், கேட்டால் “நான் மாடுதானே தேடுறன்” என்றானாம். வரிசையில் நாற்பது பேர் நின்றால் டொக்டர்தான் என்ன செய்வார் என்று நானே அவருக்காகக் கதைத்த காலமும் உண்டு. இப்போது கதைக்க மாட்டேன்.

அவர் காலத்தில்தான் உதுமாலெவ்வை மச்சானின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், ஆதம்லெவ்வை மச்சான் வந்தார். எழுபதைத் தொட்ட வயது. நாணல் போல மெலிந்த ஆள், விடிந்தால் சுருட்டு, அடைந்தால் சுருட்டு. இடுப்பில் இடது பக்கம் குத்து. துண்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இடது கிட்னியில் கல் இருக்கிறதா?

நான்தான் பசை ஊற்றினேன். டொக்டர் இடது விலாவில் கருவியை வைத்தார், கிட்னியைப் பார்த்தார், அளந்தார். கருவியை எடுக்கும்போது அது வயிற்றுக்குக் குறுக்கே ஒரு இழுவை இழுபட்டது. அந்த ஒரு இழுவையில் திரையில் ஒரு வட்டம் வந்து போனது. பெரிய கறுப்பு வட்டம், ஒரு ஆம்பிளைக் கைமுட்டி அளவு, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தடிப்பு. வட்டம் துடித்தது. ஆயிரக்கணக்கான வயிறு பார்த்தவள் நான், அந்த இடத்தில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. மூத்திரப்பை அல்ல, அது கீழே. குடல் அல்ல, குடல் துடிக்காது.

வாய் திறந்தேனா? இல்லை. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் ஸ்கேனில் “டொக்டர், அதில ஒரு வெள்ளைப் புள்ளி” என்று சொல்லி, “ஹாஜரா, நீங்க துடைக்கிற வேலையப் பாருங்க” என்று வாங்கிக் கட்டியிருந்தேன். அந்தச் சூடு ஆறவில்லை. ரோசம். எட்டாம் வகுப்புக்காரியின் ரோசம். கடதாசியை நீட்டினேன்.

“கல்லு இல்ல. போகலாம்” என்றார் டொக்டர்.

“அப்ப வாயுதான்” என்றார் ஆதம்லெவ்வை மச்சான், சந்தோசமாக. கல் இல்லை என்றால் வாயு. எங்கள் ஊரில் ஆம்பிளைகளுக்கு இரண்டே வியாதிதான். வீட்டுக்குப் போய் இஞ்சியும் வெள்ளைப்பூடும் அவித்துக் குடித்தார். நாலாம் நாள், அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி உளுச் செய்யப் பள்ளி ஹவுள் தொட்டியடியில் குந்தியவர் எழும்பவில்லை. ஓட்டோவில் ஏற்றி வருகிற வழியிலேயே முகம் வெளிறி, வயிறு கல் மாதிரி ஆகி, முடிந்துபோனது.

மாரடைப்பு என்றார்கள். மையத்து வீட்டில் எல்லாரும் “அல்லாஹ்ட நாட்டம்” என்றார்கள். நாட்டத்தை நான் மறுக்க மாட்டேன், மறுக்க நான் ஆர்? ஆனால் மனிசன் கண்ணைத் திறந்து பார்க்காததையும் வாயைத் திறந்து சொல்லாததையும் அவனுடைய நாட்டம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற கூட்டத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கூட்டத்தில் அன்றைக்கு நானும் ஒரு கோப்பையோடு இருந்தேன்.

சில வருடத்துக்குப் பிறகு அந்த டொக்டர் மாற்றலாகிப் போக, டொக்டர் சுபத்திரா வந்தார். தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை. சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி. வந்த முதல் நாளே ஒரு வாளி கேட்டார். எதற்கென்று பார்த்தால், பசைப் போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி வைக்க. “குளிரான பசைய வயித்துல ஊத்தினா ஆள் வயித்த இறுக்கும். இறுக்கினா எனக்கு ஒண்டும் தெரியா” என்றார். அதுவரைக்கும் எத்தனை பெண்கள் துள்ளி எழும்புவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இந்த யோசனை எனக்கு வரவில்லையே.

கருவி கையில் இருந்தால் அவர் கதைக்க மாட்டார். “மூச்சை இழுங்க. விடுங்க.” அவ்வளவுதான். துண்டை முதலில் வாசிக்க மாட்டார், குப்புற வைத்துவிட்டு ஆளைக் கேட்பார், “எங்க நோகுது?” துண்டில் கேட்டதைப் பார்த்து முடிந்த பிறகு, வந்தவர் வயதான ஆம்பிளை என்றால் ஒரு வேலை கட்டாயம் செய்வார். நெஞ்செலும்பு முடிகிற குழியில் கருவியைக் குறுக்காக வைத்து, மெல்ல அழுத்தி, நேர்கோட்டில் தொப்புள் வரைக்கும் இறக்குவார். குடலில் காற்று நின்றால் அவசரப்படாமல் அழுத்தியபடியே நிற்பார், காற்று விலகும் வரைக்கும். பிறகு நெடுக்காகத் திருப்பி இன்னொரு தடவை. ஐந்து நிமிடம். ஒருவரும் கேட்காத வேலை.

ஒரு நாள் சம்மாந்துறையிலிருந்து பித்தப்பைக்கு வந்த ஒரு முதியவரின் வயிற்றில் அப்படி இறக்கிக்கொண்டு வந்தவர் நின்றார்.

“ஹாஜராக்கா, இஞ்ச வாங்க. பாருங்க.”

பத்து வருடத்தில் என்னைத் திரையைப் பார்க்கச் சொன்ன முதல் ஆள். முள்ளந்தண்டு வெள்ளை வில் போலக் கீழே தெரிந்தது. “அதுக்கு முன்னால ரெண்டு வட்டம் இருக்கும். வலப் பக்கத்துல உள்ளது மூச்சு இழுத்தாச் சப்பும், தட்டையாகும். இடப் பக்கத்துல உள்ளது சப்பாது, துடிக்கும். அதுதான் பெருநாடி, இருதயத்திலிருந்து கீழ இறங்கிற பெரிய ரத்தக்குழாய். ரெண்டு சென்ரிமீற்றர் இருந்தாச் சரி. மூணைத் தாண்டினா வீக்கம். இவருக்கு நாலு. பயப்பிடத் தேவையில்ல, ஒழுங்கா வந்து அளந்துக்கிட்டுப் போகணும். ஆம்பிளைக்கு அஞ்சரைக்கு மேல போனா வெட்டித் தைக்கிறதப் பத்தி யோசிக்கணும். தெரியாம விட்டா ஒரு நாளைக்கி வெடிக்கும். வெடிச்ச ஆள் அனேகமா ஆஸ்பத்திரி வாசலைக் காணாது. நோவும் காட்டாது. காட்டினாலும் கல்லு, வாயு எண்டு ஆளை ஏமாத்தும்.”

திரையில் துடித்த வட்டம் அதே வட்டம்தான், அளவுதான் சின்னது. முதியவர் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, ஆதம்லெவ்வை மச்சானின் கதையை டொக்டரிடம் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:

“அவருக்குத் தம்பி ஆரும் இருக்கா?”

“ஒருத்தர் இரிக்கார். என்ட ராத்தாட மாப்புள.”

“வயசு?”

“அறுபத்தாறு.”

“சுருட்டு?”

“காக்காவ விடக் கூட.”

“இது குடும்பத்துல ஓடும் அக்கா. கூட்டிக்கிட்டு வாங்க.”

கூட்டிக்கொண்டு வாங்க. சொல்ல லேசு. சம்மாந்துறை முதியவர் துண்டோடு வந்தவர், கட்டிலில் ஏறிவிட்டார். துண்டில்லாமல், நோவில்லாமல், சும்மா ஒரு ஆம்பிளையை அந்தக் கட்டிலில் ஏற்றுவது வேறு கதை. எங்கள் ஊர்களில் ஸ்கேன் என்றால் பெண்ணுடைய சாமான். மருதாணியும் வளையலும் போல அதுவும் ஒன்று என்று நினைப்பு. வாசலில் காத்திருக்கிற வாங்குப் பலகையில் இருப்பவர்கள் எல்லாரும் கர்ப்பிணிகள். அவர்களுக்கு நடுவில் மீசையும் சாரமுமாக ஒரு மனிசன் எப்படி இருப்பது? இருந்தால் ஊர் என்ன சொல்லும்? ஊர் என்ன சொல்லும் என்று கேட்டுக் கேட்டுச் செத்தவர்களுக்கு என்று தனி மையவாடியே கட்டலாம்.

அதைத் தாண்டி வருகிற நாலைந்து பேரும் சோடா குடித்துவிட்டு வருவார்கள். இது எங்கள் ஊர்க்காரர் மட்டும் செய்யக்கூடிய கெட்டித்தனம். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்வோம். பொஞ்சாதி குடித்ததைப் பார்த்த மாப்பிள்ளை, தனக்கும் குடிக்க வேண்டும் என்று தானே தீர்மானித்து, தண்ணீர் பெண்ணுக்கு, ஆம்பிளைக்குச் சோடா என்று, ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் இஞ்சிச் சோடா இரண்டு போத்தலை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு வருவார். வயிறு முழுக்கக் காற்று. திரையில் மாரி கால மேகம். பெருநாடி எங்கே? மேகத்துக்குப் பின்னால். கடைக்காரரிடம் போய், “ஸ்கேனுக்கு வாற ஆக்களுக்குச் சோடா குடுக்காதீங்க” என்றேன். “ராத்தா, டொக்டர் சொன்னதெண்டுதானே வாங்கிறாங்க” என்றார். எந்த டொக்டர் என்று கேட்டேன். அவருக்கும் தெரியாது.

கலர்ப் படம் அடித்துக் கொடுக்கிற தனியார் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உதுமாலெவ்வை மச்சான் ஒருமுறை அப்படி ஓரிடத்தில் “ஃபுல் பொடி” பார்த்துவிட்டு வந்து எனக்குப் படத்தைக் காட்டினார். பார்த்தால், சிவப்பும் நீலமுமாக அழகான ஒரு கிட்னி. அதை ராத்தா அலுமாரிக் கண்ணாடியில் சொருகி வைத்திருந்தாள். பெருநாடி பார்த்தார்களா என்று கேட்டதற்கு, “கலர்ல எடுத்தா எல்லாம் தெரியும்தானே மச்சி” என்றார்.

அவரிடம் அவருடைய சொல்லையே திருப்பிப் போட்டும் பார்த்தேன். ஒவ்வொரு போகமும் விதைப்புக் கூட்டத்தில் அவர் சொல்கிற வாசகம் ஒன்று இருக்கிறது: “உடையப்போற கரை சத்தம் போடாது. நடந்து பாக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.” இதை அவரிடமே சொல்லி, உங்கள் வயிற்றுக்குள்ளே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதன் கரையை நடந்து பார்க்க டொக்டர் கூப்பிடுகிறார் என்றேன். நல்லாச் சொன்னாய் ஹாஜரா என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அவர் சுருட்டை ஒரு இழுப்பு இழுத்தார்.

“அது வாய்க்கால் மச்சி. இது வயிறு.”

அவ்வளவுதான். கெட்டித்தனமான பேச்சால் ஒரு ஆம்பிளையை அசைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருக்க நோன்பு வந்தது. நோன்பு மாதத்தில் எங்கள் ஸ்கேன் வரிசை பாதியாகும். ஆம்பிளை மருந்துக்கும் இல்லை. டொக்டர் காரணம் கேட்டார்.

“பசை பூசினா நோன்பு முறிஞ்சிரும் எண்டு பயம், டொக்டர்.”

“பசை வெளியாலதானே பூசிற?”

“ஓம். ஆனா வயிறு எண்டிற்று வந்தா எங்கட ஆக்களுக்கு ஒரு சந்தேகம்.”

அவர் வெறுமையாகக் கிடந்த வாங்கை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார், “அக்கா, காலையில பத்து மணிக்கு எங்கட ஊர்ல இத்தினை ஆம்பிளைகள் வெறும் வயித்தோட இருக்கிறது இந்த ஒரு மாசத்திலதான். சோடா இல்ல. தேத்தண்ணி இல்ல. சுருட்டு இல்ல. எனக்கு இதை விட நல்ல வயிறு எப்ப கிடைக்கும்?”

நோன்பு பிடிக்காத ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தோன்றியது, நோன்பு பிடித்துக்கொண்டு பத்து வருடம் அந்த அறையில் நின்ற எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே எங்கள் பள்ளி மௌலவியிடம் போனேன். அவர் எரிச்சலோடு கேட்டார், “தலைக்கு எண்ணெய் வெக்கிறாங்க, குளிக்கிறாங்க, காலுக்குத் தைலம் பூசிறாங்க. அதில முறியாத நோன்பு வயித்துல பசை பூசினா முறியுமா? ஆர் சொன்ன?” ஆர் சொன்ன என்று எனக்கும் தெரியாது, சோடாவைச் சொன்ன அதே டொக்டராக இருக்கலாம் என்றேன். வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கத்துக்குப் பிறகு மௌலவி அறிவித்தார். அறிவித்ததோடு நிற்கவில்லை, திங்கட்கிழமை காலை தானே முதல் ஆளாக வந்து படுத்தார். அவருடைய பெருநாடி ஒன்று தசம் ஒன்பது, இரண்டு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இப்படிப்பட்ட மனிதர்களும் ஊரில் இருக்கிறார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

சாக்கு ஒன்று போனால் இன்னொன்று வராதா? “பொம்புள டொக்டர் தொட்டா எப்பிடி?” என்று ஒரு கூட்டம். இதே ஆட்கள்தான் பொஞ்சாதியை ஆம்பிளை டொக்டரிடம் அனுப்பிவிட்டு வெளியே நின்று சுருட்டுக் குடிக்கிறவர்கள். தேவை என்றால் அங்கே ஆகும், இங்கே மட்டும் ஆகாதாம். டொக்டர் கையுறை போட்டுக்கொள்வார், கருவிதான் தொடும், தொப்புளுக்குக் கீழே மூடித்தான் இருக்கும் என்று ஒவ்வொருத்தருக்கும் வாசலில் நின்று சொன்னேன். கர்ப்பிணிகளைப் பின்னேரத்துக்கு மாற்றி, காலையை ஆம்பிளைகளுக்கு ஒதுக்கினோம். ஒருவர் இருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மூத்திரப்பரிசோதனைக்கு வந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

நோன்பு இருபதில் உதுமாலெவ்வை மச்சான் வந்தார். அவராக வரவில்லை. ராத்தா மூன்று நாள் அவரோடு கதைக்காமல் இருந்தாள். நோன்பு திறக்கும் நேரம் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். அது தாங்காமல் வந்தார். துணைக்கு என்று சொல்லி, வேடிக்கை பார்க்க அலியாரும் ஒட்டிக்கொண்டு வந்தார். அலியார் அவருடைய பக்கத்து வயல்காரர், அதே வயது, அதே சுருட்டு, வாய் மட்டும் இரண்டு மடங்கு. அலியார் வாங்கில் குந்திக்கொண்டார். மச்சான் வாசல் வரைக்கும் வந்தார். காலை பத்து மணி, சுருட்டில்லாத பகல், மூக்கு நுனியில் கோபம். உள்ளே கட்டிலைக் கண்டார், நின்றார். அப்போதுதான் அந்தப் பேச்சு: புள்ளத்தாச்சிகள், எத்தினாம் மாசம், ஏலா.

டொக்டர் உள்ளே கருவியைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். கருவி கையில் இருந்தால் அவர் கதைக்க மாட்டாரே.

எனக்கு வாயில் எத்தனையோ வந்தது. யானைக்குப் பயப்படாத ஆள் ரெக்சினுக்குப் பயப்படுகிறதா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. திரைச்சேலையின் மற்ற நுனியை நான் பிடித்துக்கொண்டு, அலியாருக்குக் கேளாமல் சொன்னேன்:

“மச்சான், ஆதம்லெவ்வை மச்சான் மவுத்தானது இருதயத்தால இல்ல. வயித்துக்குள்ள இரிக்கிற பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சி. அந்த வீக்கம் ஸ்கேன்ல தெரிஞ்ச. டொக்டர் பாக்கல்ல. நான் பாத்தன்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“நீ கண்டியா?”

“கண்டன்.”

“சொல்லல்ல?”

“சொல்லல்ல. முந்தின மாசம் டொக்டர் ஏசின ரோசத்துல வாயப் பொத்திக்கிட்டு நிண்டன். சொல்ல நாலு நாள் இருந்த. நாலு நாளும் உங்கட வீட்டுக்கு வந்து போனன்.”

வாங்கில் அலியார் எதற்கோ சிரிப்பது கேட்டது. மச்சானின் தாடை அசைந்தது. ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தார். செருப்பை வாசலில் விட்டார். உள்ளே போய், கட்டிலில் ஏறி, மல்லாக்கப் படுத்து, உடுத்திருந்த சேட்டைத் தானே மேலே தூக்கினார்.

“பசை குளிருமா?” என்று கேட்டார்.

“இல்ல. சுடுதண்ணியில வெச்சிரிக்கு.”

நான் பசை ஊற்றினேன். டொக்டர் நெஞ்சுக்குழியில் வைத்து இறக்கத் தொடங்கினார். வெறும் வயிறு, மேகம் இல்லை, எல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தது. வெள்ளை வில். சப்புகிற வட்டம். சப்பாத வட்டம். தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே வந்தபோது அந்த வட்டம் விரிந்தது. விரிந்துகொண்டே வந்தது. டொக்டர் படத்தை நிறுத்தி, ஒரு ஓரத்தில் ஒரு குறி, எதிர் ஓரத்தில் ஒரு குறி வைத்தார். மூன்று தடவை அளந்தார். இந்த முறை நான் கடதாசியை நீட்டவில்லை.

“டொக்டர், சொல்லுங்க” என்றேன்.

அவர் கருவியை வைத்துவிட்டு, மச்சானின் முகத்துக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அளவைச் சொன்னார். அது என்னவென்று சொன்னார்.

“இண்டைக்கே வெடிக்குமா புள்ள?”

“தெரியா ஐயா. வெடிக்க முந்தி தைக்கலாம். அதுக்கு நேரம் இருக்கு, வீணாக்க நேரம் இல்ல. கொழும்புக்கு இப்பவே கதைச்சிற்று எழுதித் தாறன். சுருட்டு இண்டையோட முடிஞ்சி.”

கொழும்பில் வெட்டினார்கள், குழாய் வைத்துத் தைத்தார்கள். இன்றைக்கும் காலையில் என் வீட்டு வாசலால் மோட்டார் சைக்கிளில் வட்டைக்குப் போகிறார். சுருட்டு இல்லை. பதிலுக்கு நாள் முழுக்கக் கராம்பு சப்பிக்கொண்டு எல்லாரையும் ஏசுகிறார். நான் சொல்லாமல் விட்ட அந்த நாலு நாளைப் பற்றி ஒரு தடவையும் கேட்டதில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புகிறார், அதை நான் தின்கிறேன்.

புது மிசினடியில் நிற்கிற பிள்ளைக்கு நான் சொல்ல நினைத்தது ஒன்றுதான். பெனரைக் கழற்றிவிடு. நோன்பு மாதத்துக்குக் காத்திரு, காலையை ஆம்பிளைகளுக்கு ஒதுக்கு. பிறகு திரையில் ஏதாவது கண்டால் கடதாசியை நீட்டாதே, வாயைத் திற. மற்றதை ஆம்பிளைகளே பார்த்துக்கொள்வார்கள். எப்படி என்று கேட்டால், அன்றைக்கு நடந்தது இதுதான்.

மச்சான் கட்டிலில் இருந்து இறங்கி, வயிற்றைத் தானே துடைத்து, தொப்பியை வாங்கித் தலையில் வைத்து, திரைச்சேலையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். வாங்கில் இருந்த அலியார், காத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

“என்ன விதானையார், எத்தினாம் மாசமாம்?”

“அஞ்சு தசம் எட்டு” என்றார் மச்சான். சொல்லிவிட்டு, அலியாரின் மணிக்கட்டைப் பிடித்து, வாங்கிலிருந்து எழுப்பி, உள்ளே கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்து, சேட்டுப் பொத்தானைத் தானே கழற்றிவிட்டார்.